எஸ்எஸ்பி அழைப்பு வந்துவிட்டது. என்டிஏ முதல் ஆறு மாதம் உண்மையில் எப்படி இருக்கும்?

கயல்_05 · நவம்பர் 9

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பரில் எழுதிய என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) எழுத்துத் தேர்வில் என் எண் வந்திருக்கிறது. பிப்ரவரியில் பெங்களூரில் எஸ்எஸ்பி, அதாவது அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நாள் தேர்வு. பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவள். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும் என்பதே விண்ணப்பம் போட்ட பிறகுதான் தெரிந்தது. கணக்குத் தாள் (300 மதிப்பெண்) காப்பாற்றிவிட்டது. 600 மதிப்பெண் பொதுத் தாளில் ஆங்கிலப் பகுதியைப் பாதிக்கு மேல் தொடவே இல்லை. தப்பாக எழுதினால் மூன்றில் ஒரு பங்கு மைனஸ் என்ற பயம்.

இப்போது என் கேள்விகள். ஒரு பயிற்சி மையத்தில் இரண்டு வாரத்துக்கு அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்கிறார்கள், சேரலாமா? என் ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வரும், அது போதுமா? மூன்றாவது கேள்வி அம்மாவுடையது: "அங்கே போனால் அடிப்பார்களாமே?"

மூணு_தடவை_அவுட் · நவம்பர் 9

என் பெயரிலேயே என் தகுதி இருக்கிறது. மூன்று முறை எஸ்எஸ்பி போய் மூன்று முறையும் கான்ஃபரன்ஸ் அவுட். அதாவது ஐந்து நாளும் இருந்துவிட்டு, கடைசி நாள் செஸ்ட் நம்பரை (மார்பில் கட்டும் எண்) கழற்றிக் கொடுத்துவிட்டு ரயிலேறியவன். இப்போது வங்கி வேலை. எனவே எப்படித் தேறுவது என்று என்னைக் கேட்காதே, எப்படித் தோற்பது என்று கேள், விவரமாகச் சொல்வேன்.

முதல் முறை நானும் உன்னை மாதிரி ஒரு மையத்தில் பணம் கட்டினேன். வார்த்தைத் தேர்வு என்று ஒன்று வரும். திரையில் 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி, மனதில் முதலில் வருவதை ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். மையத்தில் 300 சொற்களுக்கு 300 வாக்கியம் மனப்பாடம் செய்யவைத்தார்கள். 'தோல்வி' வந்தால் "தோல்வியே வெற்றியின் முதல் படி". 'பயம்' வந்தால் "பயத்தை வெல்பவனே வீரன்". எங்கள் அறையில் இருந்த ஆறு பேரில் நான்கு பேர் அதே மையம். அதே வாக்கியம், அதே வரிசை. விடைத்தாளைத் திருத்தும் உளவியலாளருக்கு அன்று சிரிப்பு வந்திருக்கும், அல்லது கொட்டாவி.

அதே கதைதான் படத்தேர்விலும். 11 படம், 12ஆவது வெறும் வெள்ளைத் திரை. 30 விநாடி பார்க்கலாம், நான்கு நிமிடத்தில் கதை எழுத வேண்டும். வெள்ளைத் திரைக்கு மட்டும் முன்கூட்டியே யோசித்த கதை ஒன்று இருக்கலாம், தப்பில்லை. எல்லாப் படத்திலும் உன் நாயகன் ஊருக்கே மருத்துவ முகாம் நடத்தினால் யார் நம்புவார்கள்?

முதல் நாளைப் பற்றி ஒன்று. ஸ்கிரீனிங்கில் மங்கலான படம் ஒன்றைக் காட்டுவார்கள், கதை எழுதி, சொல்லி, குழுவாகப் பேசி ஒரே கதையாக்க வேண்டும். அதில்தான் பெரும் கூட்டம் வீட்டுக்குப் போகும். பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். எஸ்எஸ்பி போனவர்கள் அதை 'மீன் சந்தை' என்பார்கள். அந்தக் கூச்சலில் கத்தாதே. ஆனால் வாயே திறக்காமலும் இருக்காதே. மூன்றே முறை பேசினாலும் அடுத்தவன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு பேசு. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு முறை ரயில் செலவானது. (முதல் முறை போகிறவர்களுக்கு ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும், டிக்கெட்டைப் பத்திரமாக வை.)

பழைய_கேடட் · நவம்பர் 10

வாழ்த்துகள் தங்கச்சி. என்டிஏ இருக்கும் புனே கடக்வாஸ்லாவில் மூன்று வருஷம், அப்புறம் டேராடூன் ஐஎம்ஏவில் (இந்திய ராணுவ அகாடமி) ஒரு வருஷம் இருந்தவன். இப்போது சீருடையைக் கழற்றிவிட்டேன்.

பயிற்சி மையத்துக்குக் கட்டும் பணத்தில் ஒரு நல்ல ஓட்ட ஷூ வாங்கிக்கொள், மீதியை அப்பாவிடம் கொடு. எஸ்எஸ்பிக்குப் பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. தெரிந்த நாலு பேரோடு உட்கார்ந்து பேசிப் பழகு. பத்திரிகையில் ஒரு செய்தியை எடுத்து மூன்று நிமிஷம் நிற்காமல் ஆங்கிலத்தில் பேசு, தப்பு வந்தாலும் நிறுத்தாதே. இலக்கணத்துக்கு மார்க் கிடையாது. புரிகிற மாதிரி பேசினால் போதும்.

நேர்காணல்தான் ஆளைப் பிழியும். நீ முதலில் உன்னைப் பற்றி நிரப்பிக் கொடுக்கும் பிஐக்யூ படிவம் நேர்காணல் செய்யும் அதிகாரி கையில் இருக்கும். "ஒன்பதாம் வகுப்பில் எத்தனை சதவீதம், பத்தில் ஏன் குறைந்தது, பிடித்த ஆசிரியர் யார், பிடிக்காதவர் யார், ஏன், நண்பர்கள் எத்தனை பேர், அவர்களிடம் உனக்குப் பிடிக்காதது என்ன, அவர்களுக்கு உன்னிடம் பிடிக்காதது என்ன..." என்று ஒரே மூச்சில் பத்துப் பன்னிரண்டு கேள்வி வரும். வரிசையாகப் பதில் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு மறந்தால் "சார், அடுத்த கேள்வி மறந்துவிட்டது" என்று சொல்லலாம். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்யலாம். படிவத்தில் 'புத்தகம் படிப்பது' என்று பொழுதுபோக்கு எழுதிவிட்டுக் கடைசியாகப் படித்த புத்தகத்தின் பெயர் தெரியாமல் முழித்தவர்களை எனக்குத் தெரியும்.

அம்மாவின் கேள்விக்கு அப்புறம் வருகிறேன், அது ஒரு வரியில் முடியாது.

கயல்_05 · நவம்பர் 10

நன்றி அண்ணா. பிஐக்யூவில் 'தோட்டம்' என்று எழுதலாமென்று இருந்தேன். மொட்டைமாடியில் ஆறு தொட்டிதான் இருக்கிறது.

பழைய_கேடட் · நவம்பர் 10

ஆறு தொட்டி என்றே எழுது. எந்தத் தொட்டியில் எது ஏன் பட்டுப்போனது என்று தெரிந்தால் போதும்.

கேடட்_அம்மா · நவம்பர் 12

என் பையன் இப்போது என்டிஏவில் நான்காவது டெர்மில் (ஆறு மாதம் ஒரு டெர்ம்) இருக்கிறான். நான் மருத்துவப் பரிசோதனை பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் சொல்ல மாட்டார்கள், நாங்கள் பட்டோம்.

எஸ்எஸ்பியில் 'ரெகமெண்ட்' ஆனதும், அதாவது தேறியதும், அங்கேயே மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதற்கு முன்பே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடு. பல்லைக் காட்டு; பல்லுக்கென்று 14 புள்ளி கணக்கு வைத்திருக்கிறார்கள். எடை உயரத்துக்குத் தக்கபடி இருக்கட்டும். நிறக்குருடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள், அது இருப்பதே பலருக்குத் தெரியாது. கையை நீட்டினால் முழங்கை வெளிப்புறமாக அதிகம் வளைகிறதா, நேராக நின்றால் முட்டிகள் இடிக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். டெம்பரரி ரிஜெக்ட் என்று எழுதினால் அழ வேண்டாம். 42 நாளுக்குள் சரிசெய்துகொண்டு மேல்முறையீட்டு மருத்துவக் குழுவிடம் போகலாம்.

இன்னொன்று. 'ரெகமெண்ட்' ஆனால் சேர்ந்தாயிற்று என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடாதே. எழுத்துத் தேர்வு 900, எஸ்எஸ்பி 900, கூட்டி 1800க்குத் தரவரிசை வரும். அதில் பெயர் வர வேண்டும். நாங்கள் முன்னதாகவே இனிப்புக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் பதில் சொல்ல முடியாமல் திண்டாடினோம்.

மறுபக்கம் · நவம்பர் 13

எல்லோரும் வாழ்த்துகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், மன்னிக்கவும். என் சித்தப்பா பையன் ஒரு ராணுவ அகாடமியில் பயிற்சியில் முதுகுத்தண்டு அடிபட்டு, மெடிக்கல் போர்டு அவுட் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டான். கமிஷன் ஆகாததால், அதாவது அதிகாரியாகப் பதவி ஏற்காததால், அவன் முன்னாள் ராணுவத்தினனும் இல்லை. மாதாமாதம் ஒரு கருணைத் தொகை வரும், மருத்துவச் செலவு அதைத் தாண்டும். இப்படிப்பட்டவர்களைப் பற்றி 2025 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணையை எடுத்த பிறகுதான் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டத்தில் இவர்களையும் சேர்த்தார்கள். 17 வயதில் கையெழுத்துப் போடும்போது யாராவது இதைச் சொன்னார்களா? அப்பா அம்மா எழுதிக்கொடுக்கும் படிவத்தை ஒரு முறை முழுதாகப் படியுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பழைய_கேடட் · நவம்பர் 13

மறுபக்கம் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். என் கோர்ஸ்மேட் ஒருவனும் அப்படித்தான் போனான். படிவத்தைப் படிக்கச் சொல்வதும் சரி.

இப்போது அம்மாவின் கேள்வி. அடிப்பது விதிப்படி குற்றம், பிடிபட்டால் அடித்தவன் வெளியே. ஆனால் தண்டனை உண்டு, நிறைய உண்டு. எங்கள் பாஷையில் 'ரக்டா'. பொத்தான் ஒன்று மங்கலாக இருந்தால் ஃப்ரண்ட் ரோல் (குட்டிக்கரணம்). வரிசையில் ஒருவன் தாமதமாக வந்தால் வரிசையே தண்டால். முதல் டெர்மில் நான் புல்தரையில் நடந்ததைவிட உருண்டதுதான் அதிகம். பெரும்பாலும் அது உடம்பை அலுக்கவைக்கும் காரியம்தான். எல்லை தாண்டுகிற சீனியர்களும் இருப்பார்கள். இல்லை என்று சொன்னால் பொய். தாண்டினால் டிவிஷனல் ஆபீசரிடம் சொல்லலாம். சொல்லக் கூசும் என்பதும் உண்மை.

ஆனால் என்னை உண்மையில் உடைத்தது ரக்டா இல்லை. சொன்னால் சிரிப்பாய். சாக்ஸ்.

வீட்டிலிருந்து புது ஷூவோடு போனேன். இரண்டாவது நாளே குதிகாலில் நாலணா அளவு கொப்புளம். மூன்றாம் நாள் உடைந்தது. அதன்மேல் அணிவகுப்புக்கான டிரில் பூட். காலில் நாள் முழுக்க ஈரம், ராத்திரி துவைத்த சாக்ஸ் காலையில் காய்ந்திருக்காது, மழைக்காலம் வேறு. ஈர சாக்ஸோடு மறுபடி ஓட்டம். ஒரு வாரத்தில் நான் நொண்டி. நொண்டினால் வரிசையின் கடைசி. கடைசி என்றால் மறுபடி தண்டால். மற்றபடி தேகபலத்தில் நான் ஒன்றும் குறைந்தவன் இல்லை, பள்ளியில் ஓட்டத்தில் பரிசு வாங்கியவன். குதிகாலில் இரண்டு அங்குலத் தோல் போனதில் எல்லாம் போயிற்று. அதனால்தான் தேர்வு நோட்டீஸில் போட்டிருக்கும் '2.4 கிலோமீட்டர் 15 நிமிடத்தில், 20 தண்டால், 8 சின்-அப்' என்பதோடு நிறுத்தாதே. எந்த ஷூவில் ஓடப்போகிறாயோ அதை இரண்டு மாதம் முன்னாலேயே போட்டு அடித்துப் பழக்கு.

கயல்_05 · நவம்பர் 13

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சாக்ஸுக்கா இவ்வளவு பேச்சு?" என்றார். ஆனால் முகம் கொஞ்சம் தெளிந்தது. மறுபக்கம் அண்ணா, படிவத்தை அப்பா படித்துக்கொண்டிருக்கிறார்.

ஓடிஏ_அக்கா · நவம்பர் 15

நான் என்டிஏ இல்லை, பட்டம் முடித்து சென்னை பரங்கிமலை ஓடிஏவில் (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) 49 வாரம். அங்கே 1992 முதலே பெண்கள் உண்டு. என்டிஏவின் கதை வேறு. 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் பெண்கள் தேர்வே எழுத முடிந்தது. 2022இல் 19 பேர் நுழைந்தார்கள், 2025 மே 30 அன்று 17 பேர் 300க்கும் மேற்பட்ட பையன்களோடு அணிவகுத்து வெளியே வந்தார்கள். ஆக, உனக்கு முன்னால் போனவர்கள் அத்தனை பேரையும் ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்ற காலம் இப்போதுதான் மாறிக்கொண்டிருக்கிறது. 'உன்னால் முடியாது' என்று சொல்கிறவர்களைவிட, 'நீ பெண், பரவாயில்லை விடு' என்று சலுகை தருகிறவர்களிடம் கவனமாக இரு. அந்தச் சலுகையை உன் கோர்ஸ்மேட்கள் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

ஓட்டத்தைவிட மேல்கை பலம்தான் நம்மைக் கீழே இழுக்கும். கயிறு ஏறிப் பழகு. இன்றே ஒரு கம்பியில் தொங்க ஆரம்பி. ஏற வேண்டாம், தொங்கு. முதல் நாள் 15 விநாடிதான் வரும், அது போதும்.

மாதவிடாய் நாள்களில் என்ன செய்வது என்று தனியாகக் கேள், சொல்கிறேன்.

மூணு_தடவை_அவுட் · நவம்பர் 15

பணம் பற்றி ஒருவரும் பேசவில்லை. "சேர்ந்த முதல் நாளிலிருந்து 56,100 ரூபாய்" என்று அந்த மையத்தின் சுவரில் எழுதியிருக்குமே? அது கடைசி வருஷம் ஐஎம்ஏ போன்ற இடங்களில் கிடைக்கும் உதவித்தொகை. என்டிஏவின் மூன்று வருஷத்தில் படிப்பு, தங்குமிடம், உணவு எல்லாம் அரசு செலவு, டெல்லி ஜேஎன்யு பல்கலைக்கழகப் பட்டமும் கிடைக்கும். கைச்செலவுக்கு மட்டும் வீட்டிலிருந்து பணம் கட்ட வேண்டும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அதிலும் உதவி உண்டு.

நெறியாளர் · நவம்பர் 16

பயிற்சி மையங்களின் பெயர் சொல்லி வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். விளம்பரமும் வேண்டாம், வசையும் வேண்டாம்.

கயல்_05 · பிப்ரவரி 21

ரெகமெண்டட்!!

எங்கள் பேட்ச்சில் ஸ்கிரீனிங்கில் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். கடைசி நாள் கான்ஃபரன்ஸில் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, பெரிய மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்க, "சாப்பாடு எப்படி இருந்தது" என்று கேட்டார்கள். "உப்பு குறைவு" என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்து வயிற்றைக் கலக்கியது. அப்புறம் எல்லோரையும் உட்காரவைத்து செஸ்ட் நம்பர் படித்தார்கள். நான்கே நம்பர். மூன்றாவது என்னுடையது, நான் எழுந்திருக்கவில்லை, பக்கத்தில் இருந்தவள் இடித்தாள். அவள் நம்பர் வரவில்லை.

நேர்காணலில் தொட்டி பற்றிப் பத்து நிமிடம். கறிவேப்பிலை ஏன் பட்டுப்போனது என்று கேட்டார்.

கேடட்_அம்மா · பிப்ரவரி 21

கண்ணு, சந்தோஷம்! மெடிக்கல்?

கயல்_05 · மார்ச் 2

டெம்பரரி ரிஜெக்ட். காதில் மெழுகு அடைத்திருக்கிறதாம். கேடட் அம்மா சொன்னதைக் கேட்டு ஈஎன்டியிடம் போயிருந்தால் ஐந்து நிமிட வேலை. கண்டிப்பாகத் திட்டுங்கள்.

கேடட்_அம்மா · மார்ச் 2

திட்டவில்லை. நாளைக்குப் போ.

கயல்_05 · மே 4

மேல்முறையீட்டில் ஃபிட். தரவரிசையிலும் பெயர் வந்துவிட்டது. ஜூலையில் சேர வேண்டும். இப்போது என்ன செய்ய?

பழைய_கேடட் · மே 4

ஷூ பழகிவிட்டதா? சரி. அடுத்து மூன்று காரியம்.

நீச்சல் தெரியாவிட்டால் இப்போதே போய்த் தண்ணீரில் இறங்கு. அங்கேயும் கற்றுத்தருவார்கள், ஆனால் பயத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போ. சைக்கிள் ஓட்டு, வகுப்புக்கு வகுப்பு வரிசையாகச் சைக்கிளில்தான் போவீர்கள், பங்க்சர் ஆனால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். பங்க்சர் ஒட்டவும் பழகு.

மூன்றாவது இந்தி. வகுப்புகள் ஆங்கிலத்தில்தான், கவலை இல்லை. ஆனால் டிரில் கட்டளை எல்லாம் இந்தி. கற்றுத்தரும் உஸ்தாத்களும் இந்தியில்தான் பேசுவார்கள். சாவ்தான், விஷ்ராம், தாஹினே முட், பாயேன் முட், பீச்சே முட், தேஜ் சல், தம். இந்த ஏழையும் காது தானாகப் பிடிக்கிற அளவுக்குப் போட்டுக் கேள். முதல் வாரம் "பீச்சே முட்" (பின்னால் திரும்பு) என்றதும் நான் இடதுபக்கம் திரும்பினேன். மொத்த ஸ்குவாடும் பின்னால் திரும்பி நின்றது, நான் மட்டும் வேறு பக்கம். உஸ்தாத் கோபப்படவில்லை. ரொம்ப மென்மையாக, "மதராஸி சாப், கிதர் ஜா ரஹே ஹைன்?" (எங்கே போகிறீர்கள்?) என்றார். அந்த மென்மைக்கு அப்புறம் வந்ததுதான் இருபது ஃப்ரண்ட் ரோல்.

டிரில் ஸ்கொயர் டெஸ்ட் தேறும் வரை வெளியே போக லிபர்ட்டி கிடையாது. எனவே டிரில்லில் சோம்பினால் புனேயையே பார்க்க முடியாது.

போன் பற்றி வீட்டில் இப்போதே சொல்லிவை. நாள்கணக்கில் அழைப்பு வராது. வராவிட்டால் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

மறுபக்கம் · மே 5

வாழ்த்துகள் கயல். காயம் பட்டால் மறைக்காமல் உடனே மருத்துவப் பிரிவுக்குப் போய்ப் பதிவு செய்துவிடு. என் தம்பி இரண்டு வாரம் மறைத்தான். காகிதத்தில் இல்லாத காயம் கிடையாத காயம்.

கயல்_05 · ஆகஸ்ட் 16

வணக்கம், இது கயலின் அண்ணன். அவள் கணக்கிலிருந்து எழுதுகிறேன், கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜூலையில் வாசலில் விட்டுவிட்டு வந்தோம். அம்மா ரயிலில் பேசவே இல்லை. அப்புறம் பதினெட்டு நாள் சத்தமே இல்லை. பழைய கேடட் சார் சொன்னதை அம்மாவுக்குத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி அழைத்தாள். நான்கு நிமிடம் இருக்கும். குரல் கட்டியிருந்தது. பின்னால் வரிசையில் நிற்கிறவர்களின் பேச்சு கேட்டது. அழுவாள் என்று நினைத்தோம், பட்டியல் வாசித்தாள். கொண்டுபோன ஆறு ஜோடி சாக்ஸ் போதாது, இன்னும் ஆறு வேண்டும், பருத்தி, வெள்ளை. கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர், அகலமானது. பழைய கேடட் அண்ணாவிடம், ஷூ சரியாக இருக்கிறது, பூட்தான் கடிக்கிறது என்று சொல்லச் சொன்னாள். ஓடிஏ அக்காவிடம், கயிறு ஏறிவிட்டாளாம். மறுபக்கம் அண்ணாவிடம், கணுக்கால் சுளுக்கியதைப் பதிவு செய்துவிட்டாளாம். அதைக் கேட்டதும் அம்மா போனைப் பிடுங்கினார், அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

பார்சல் எப்படி அனுப்புவது?

கேடட்_அம்மா · ஆகஸ்ட் 16

தம்பி, பெயர் மட்டும் போட்டு அனுப்பாதே. கேடட் எண், ஸ்குவாட்ரன் பெயர், கோர்ஸ் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுது. நான் அதை எழுதாமல் அனுப்பிய முதல் பார்சல் மூன்று வாரம் சுற்றிவிட்டு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. முறுக்கு வைக்காதே, அவளுக்கு ஒன்றுகூட மிஞ்சாது.

பழைய_கேடட் · ஆகஸ்ட் 16

பூட்டுக்குள் போட டால்கம் பவுடர் ஒரு டப்பாவும் வை. சாக்ஸ் ஆறு வேண்டாம், பன்னிரண்டாக அனுப்பு. பாதி கோர்ஸ்மேட்களுக்குப் போய்விடும்.